பணியும் ஆங்கிலமும் பணிக்கும் ஆங்கிலமும்

“சார்! ப்ளீஸ் சார்! நோ சார்! சாரி சார்!”

கரையில் நின்று கதறினான் ஒருவன். கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பயணி திரும்பிப் பார்த்தார், புன்னகை பூத்தார், கையை அசைத்தார், மேலும் நாலடி முன்னே நடந்தார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் கதவு திறந்தது முதல் இரவில் விளக்கு அணைந்தது வரை அந்தச் சொற்களைத்தாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி வந்தபோது ‘ப்ளீஸ் சார்’. துண்டு மாற்றியபோது ‘சாரி சார்’. பெட்டியைத் தூக்கட்டுமா என்றபோதும் ‘ப்ளீஸ்’. வேண்டாம் என்று அவர் மறுத்தபோதும் ‘சாரி’. அலை சீறும் கரையில் அதே சொற்கள் அதே வாயிலிருந்து வந்தபோது, இதுவும் ஒரு வணக்கம் என்று எண்ணிவிட்டார். வணக்கத்துக்குப் புன்னகைதானே விடை!

மாமல்லபுரத்துக் கரையிலே நடந்தது இது. கதறியவன் என் மாணவன். நான் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில், பத்தாம் வகுப்பில் என் எதிரே அமர்ந்திருந்தவன். இன்று கடலோர விடுதியொன்றில் அறைப் பணியாளன். மீனவர் குடியிலே பிறந்தவன். வடக்கிருந்து தெற்கே ஓடும் வன்னி வெள்ளமும், தெற்கிருந்து வடக்கே ஓடும் தெண்டி வெள்ளமும் தாய்ப்பாலோடு அவனுக்கு வந்த கல்வி. அலை எங்கே உடையும், உடைந்த நீர் எந்த வழியே திரும்பி இழுக்கும் என்பதைக் கரையில் நின்றபடியே படித்துவிடுவான். அங்கே அப்போது நின்றவர்களுள் கடலை அறிந்தவன் அவன் ஒருவனே. ஆனால் அறிந்ததை அறிவிக்க அவனிடம் மொழி இல்லை!

ஓடினான், பாய்ந்தான், பயணியின் கையைப் பற்றிக் கரைக்கு இழுத்துவந்தான். உயிர் தப்பியது. நன்றி கிடைத்ததா? இல்லை. ‘விடுதிப் பணியாள் என்மீது கை வைத்தான்’ என்று முறையீடு கிடைத்தது. மேலாளர் அழைத்தார், மன்னிப்புக் கேள் என்றார். கேட்டான். தங்கு தடையின்றிக் கேட்டான்: ‘ஐ ஆம் எக்ஸ்ட்ரீம்லி சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ், சார்!’

உயிரைக் காத்தது தொல்லையாம்! அந்தத் தொல்லைக்கு வருத்தமாம்! எச்சரிக்க நாலு சொல் இல்லாத அதே நாவுக்கு, மன்னிப்புக் கேட்க ஒரு முழு வாக்கியம் இலக்கணப் பிழையின்றி வாய்த்திருந்தது. இது எப்படி நேர்ந்தது? தற்செயலாகவா? அன்று. கற்பித்தார்கள், ஆகவே தெரிந்தது. கற்பிக்கவில்லை, ஆகவே தெரியவில்லை. எதைக் கற்பிப்பது, எதை விடுப்பது என்று முடிவு கட்டியவர்கள் யார்? அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

பணியில் சேர்ந்தபோது அவனுக்குக் கொடுத்த பயிற்சித் தாளை என்னிடம் காட்டினான். நாற்பது ஆங்கில வாக்கியங்கள். வரவேற்கும் வாக்கியங்கள், வாழ்த்தும் வாக்கியங்கள், நன்றி நவிலும் வாக்கியங்கள், மன்னிப்பு வேண்டும் வாக்கியங்கள், ‘நான் உள்ளே வரலாமா’ என்று கெஞ்சும் வாக்கியங்கள். நுனி முதல் அடி வரை இருமுறை தேடினேன். ‘இதைச் செய்யுங்கள்’ என்றோ, ‘இதைச் செய்யாதீர்கள்’ என்றோ ஒரு வாக்கியமும் இல்லை! விருந்தினருக்கு வழி சொல்லும் உரிமை, எச்சரிக்கும் உரிமை, விதியை எடுத்துரைக்கும் உரிமை அந்தத் தாளில் அவனுக்கு இல்லவே இல்லை. நாற்பது வாக்கியங்களும் நாற்பது கும்பிடுகள்!

குற்றவாளிக் கூண்டில் விடுதி முதலாளியை மட்டும் ஏற்றிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது. நானும் ஏறத்தான் வேண்டும். ‘ஷட் தி டோர்’ என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் ‘லெட் தி டோர் பி ஷட்’ என்று அவனுக்குக் கற்பித்தவன் நான். அவனும் மனப்பாடம் செய்தான், எழுதினான், மதிப்பெண் பெற்றான். ஆனால் உயிருள்ள ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் ‘கதவை மூடுங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒருமுறையேனும் அவனைச் சொல்ல வைத்தேனா? இல்லை. ஏவலை வாக்கியமாகக் கற்பித்தேன், வாயால் கற்பிக்கவில்லை. பள்ளி பாதியைக் கொடுத்து நிறுத்தியது. விடுதி மறுபாதியைக் கும்பிடாகக் கொடுத்து முடித்தது.

நம் தமிழ் இலக்கணம் இந்த இடத்திலே எத்துணைத் தெளிவாக இருக்கிறது! வியங்கோள் என்று ஒரு வினை. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று அதற்கு நான்கு பொருள். ‘வருக’ என்பதும் வியங்கோள். ‘இவ்வழியே செல்க’ என்பதும் வியங்கோள். மரியாதை குறையாமல் ஆணையிட முடியும் என்று கண்ட மொழி இது. விடுதிப் பணியாளனுக்குத் தருகிற ஆங்கிலத்தில் இந்த நான்கில் எவை உள்ளன? வாழ்த்தல் உண்டு. வேண்டல் உண்டு. வைதலோ விருந்தினரின் தனியுரிமை! விதித்தல் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. வெட்டப்பட்டது ஒரு வினைமுற்று மட்டுமா? ஒரு மனிதனின் முதுகெலும்பு!

‘எட்டாவது, பத்தாவது படித்த பிள்ளைகள்; அவர்களுக்கு ஆங்கிலம் எங்கே வரும்?’ என்று கேட்கிறார்கள் முதலாளிகள். ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் விடை கூறுகிறேன். ஆங்கிலத்திலேயே எளிய வாக்கியம் ஏவல் வாக்கியம்தான். காலம் காட்ட வேண்டா. எழுவாய் தேட வேண்டா. ஒருமை பன்மை பார்க்க வேண்டா. வினைப் பகுதி ஒன்றே போதும். ‘கம்’, ‘ஸ்டாப்’, ‘வெயிட்’. முன்னே ‘டோன்ட்’ சேர்த்தால் விலக்கு. ‘ப்ளீஸ்’ சேர்த்தால் பணிவு. ‘ப்ளீஸ் டோன்ட் ஸ்விம் ஹியர்’ – நான்கே சொற்கள். ‘யூஸ் தி ஸ்டேர்ஸ்’ – மூன்றே சொற்கள். மாறாக, ‘வுட் யூ மைண்ட் இஃப் ஐ கேம் இன் நவ், சார்’ என்பதன் இலக்கணத்தை விளக்கக் கல்லூரிப் பேராசிரியரும் கரும்பலகையை இருமுறை அழிக்க வேண்டும். கடினமான குழைவைக் கற்க அறிவுண்டு. எளிய எச்சரிக்கையைக் கற்க அறிவில்லையாம்! இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் படித்தார்களோ! எட்டாம் வகுப்பு முடித்த இளைஞர்களுக்கும் விடுதிப் பணி கற்பிக்கலாம் என்று மத்திய சுற்றுலா அமைச்சகமே 2009-10ஆம் ஆண்டில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே படிப்பு ஒரு சாக்கு. உண்மைக் காரணம் வேறு.

அந்தக் காரணம் என்ன? பணியாளன் பணிய வேண்டுமே அன்றிப் பணிக்கக் கூடாது என்னும் பழைய எண்ணம்.

இந்த நாட்டின் உணவு விடுதிகளின் வரலாற்றைச் சற்றே திருப்பிப் பாருங்கள். இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலே பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் அந்தத் தடுப்பு நீங்கியது. ஓட்டலின் பெயர்ப் பலகையிலே சாதிப் பெயர் கொலுவிருந்தது. அதை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் முன்னே பெரியார் மறியல் தொடங்கினார், நாள்தோறும் தொண்டர்கள் சென்றார்கள், சிறை புகுந்தார்கள், இறுதியில் பலகை இறங்கியது. உண்ண வருகிறவன் எங்கே அமர்வது என்ற கேள்விக்கு அப்படிப் போராடி விடை கண்டோம்.

ஆனால் பரிமாறுகிறவன் எப்படி நிற்பது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது! உண்பவன் நிமிர்ந்துவிட்டான், உணவு கொண்டு வருகிறவன் இன்னும் குனிந்தே நிற்கிறான். நாற்பத்தைந்து வயதுக்காரரை, இரண்டு பெண்களுக்குத் திருமணம் முடித்தவரை, ‘ரூம் பாய்’ என்கிறோம். ‘பாய்’ என்றால் பையன். தலை நரைத்த பையன்! தமிழிலே ‘ஏய்’ என்று அழைத்தால் இழிவு என்று உணர்கிற நாம், ஆங்கிலத்திலே ‘பாய்’ என்று அழைத்தால் அது பதவிப் பெயர் என்று சொல்லிவிடுகிறோம். மொழி மாறினால் இழிவு மணக்குமா?

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று தமிழிலே முன்னிலைக்குப் படிக்கட்டுகள் உண்டு. யாரை எந்தப் படியில் நிறுத்துவது என்று வாய் திறக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்திலோ இன்று ஒரே ‘யூ’. அமைச்சருக்கும் ‘யூ’, அவருடைய காரோட்டிக்கும் ‘யூ’. படிக்கட்டு இல்லாத அந்தச் சமனிலத்திற்கு நம் தோழனை அழைத்துச் செல்கிறார்கள். அழைத்துச் சென்ற மறுநொடியே சொல்லுக்கு ஒரு ‘சார்’, மூச்சுக்கு ஒரு ‘சாரி’ என்று புதிய படிக்கட்டைக் கட்டி, அதன் அடிப்படியில் அவனை நிறுத்திவிடுகிறார்கள். சமன் செய்யும் மொழியைக் கொண்டே சரித்துக் காட்டும் திறமையை என்னென்பது!

‘விருந்தினர் தெய்வமல்லவா?’ என்று உடனே ஒரு குரல் எழும். விருந்தினரைத் தெய்வமாகக் கொள் என்னும் தைத்திரீய உபநிடத வாசகத்தை மத்திய சுற்றுலா அமைச்சகம் விளம்பர முழக்கமாகவே எடுத்துக்கொண்டது. தெய்வத்திடம் பேசும் முறை நமக்குத் தெரியும்: துதிக்கலாம், மன்றாடலாம், மன்னிப்புக் கேட்கலாம். ‘அங்கே போகாதே, ஆழம்!’ என்று தெய்வத்தை எவரேனும் எச்சரித்ததுண்டா? வந்தவரைத் தெய்வமாக்கியதால்தான் வாய் திறந்து எச்சரிக்க வழியில்லாமல் போயிற்று. தெய்வம் மூழ்காது, மனிதன் மூழ்குவான். வந்தவர் மனிதர் என்று நினைத்தால்தான் அவர் உயிரைக் காக்க முடியும்!

தமிழ் அவரைத் தெய்வமாக்கவில்லை. விருந்து என்றால் புதுமை. விருந்தினர் என்றால் புதிதாய் வந்தவர். புதிதாய் வந்தவருக்கு ஊர் தெரியாது, வழி தெரியாது, கடல் தெரியாது. தெரிந்தவன் தெரியாதவருக்குச் சொல்லித் தருவதும் விருந்தோம்பலின் ஒரு பகுதியே. வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தில் விருந்தோம்பலைச் சொன்னார். வந்தவர் முகம் வாடாமல் காக்க வேண்டும் என்றார். தொண்ணூற்றேழாம் அதிகாரத்தில் மானத்தைச் சொன்னார். ஒன்பதாவதைக் கடைப்பிடிக்கத் தொண்ணூற்றேழாவதைக் கிழித்தெறிய வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஆணையிட்டால் விருந்தினர் கோபிப்பார், வணிகம் கெடும் என்று அஞ்சுகிறார்களா? விமானத்தை எண்ணிப் பாருங்கள். முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் கோடீசுவரரிடம் பணிப்பெண் வருகிறார். இடைவாரைப் பூட்டுங்கள் என்கிறார். இருக்கையை நிமிர்த்துங்கள் என்கிறார். அவசர வழி எது என்று கைநீட்டிக் காட்டுகிறார். கோடீசுவரர் கோபிக்கிறாரா? பூட்டுகிறார், நிமிர்த்துகிறார். ஆணை இடுவது அந்தப் பெண்ணின் ஆணவம் அன்று, அவர் அறிவு என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. வானத்திலே ஒப்புக்கொண்டதை நிலத்திலே ஒப்புக்கொள்ள என்ன தடை?

நிலத்திலும் ஒரு முறை ஒப்புக்கொண்டார்கள். 2008 நவம்பர் 26. மும்பைத் தாஜ் மகால் விடுதியில் துப்பாக்கிகள் முழங்கிய இரவு. விடுதியின் உள்வழிகளை அறிந்தவர்கள் பணியாளர்களே. அமைதியாய் இருங்கள், குனிந்து வாருங்கள், இப்பக்கம் செல்லுங்கள் என்று விருந்தினரை அவர்கள் வழிநடத்தினார்கள். அந்த முயற்சியிலே தம் உயிரை ஈந்தவர்களும் உண்டு. அன்றிரவு செல்வர்கள் யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்? அதுவரை தமக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவர்களின் சொல்லுக்கு! உயிர் ஊசலாடும்போது உயர்வும் தாழ்வும் உதிர்ந்துபோகின்றன. வழி தெரிந்தவன் தலைவன் ஆகிறான்.

மும்பையிலே சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எல்லா விடுதியிலும் இருப்பார்களா? 2019 பிப்ரவரி 12 அன்று டில்லி கரோல்பாகில் ஒரு விடுதி தீப்பற்றியது. 17 பேர் மாண்டார்கள். 2025 ஏப்ரல் 29 அன்று கொல்கத்தாவில் ஒரு விடுதி தீப்பற்றியது. 14 பேர் மாண்டார்கள். அவர்களிலே தமிழகத்திலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். இந்தச் சாவுகளுக்கு மொழிதான் காரணம் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அறிவுடைமை ஆகாது. நான் கேட்பது வேறு. நாளை நம் ஊர் விடுதியொன்றில் நள்ளிரவிலே புகை நுழைந்தால், ‘லிஃப்டில் ஏறாதீர்கள், படிகளில் இறங்குங்கள், புகையில் குனிந்து செல்லுங்கள்’ என்று சொல்ல அங்கே நிற்கிற தோழனிடம் சொற்கள் இருக்கின்றனவா? அல்லது புகைக்கு நடுவிலும் ‘சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்’ என்றுதான் சொல்வானா?

‘இப்போது கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே’ என்று சிரிப்பவர்களும் உண்டு. நல்லது, சந்தையிலே விலை பேச உதவும். இடுப்பளவு அலையில் நிற்பவரிடம் கைப்பேசியை நீட்டிப் படித்துப் பாருங்கள் என்று சொல்வதா? அபாயம் காத்திருக்காது. மின்கலம் தீர்ந்ததென்று தீ அணையாது.

இன்னொரு பக்கமிருந்து ஒரு கேள்வி வரும். அது நம்மவர் கேள்வி. ‘தமிழ்நாட்டு விடுதியிலே ஆங்கிலம் ஏன்? வருகிறவர் தமிழ் கற்றுக்கொள்ளட்டுமே!’ உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் வழியாகாது. 1968 சனவரி 23 அன்று அண்ணா முதல்வராயிருந்தபோது சட்டமன்றம் இருமொழியை ஏற்றது. வீட்டுக்குத் தமிழ், உலகத்துக்கு ஆங்கிலம் என்பது அதன் பொருள். அந்த உலகம் இப்போது நம் வாயிலிலே வந்து நிற்கிறது. 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மாமல்லபுரத்தைக் காண 2021-22இல் வந்த வெளிநாட்டவர் 1,44,000க்கும் மேல். அந்த ஆண்டில் தாஜ் மகாலைக் கண்ட வெளிநாட்டவரைவிட அது அதிகம். அத்தனை பேரிடமும் பேச வேண்டியவன் விடுதிப் பணியாளன். உலகத்துக்கு ஆங்கிலம் என்று நாம் முழங்கியது, உலகத்தின் முன்னே நிமிர்ந்து நிற்பதற்கா, மண்டியிடுவதற்கா?

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு மகனை அழைத்துவந்து அருகிலுள்ள விடுதியில் தங்கும் சிற்றூர்த் தாய், அறைக் கதவின் பின்னே ஒட்டியிருக்கும் ஆங்கிலத் தாளைப் பார்த்து விழிக்கிறாள். தீப்பிடித்தால் எந்த வழி என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. தமிழருக்குத் தமிழில் அறிவிக்காத விடுதியும், வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் அறிவிக்க ஆளைப் பழக்காத விடுதியும் ஒரே குற்றத்தைத்தான் செய்கின்றன: இரண்டும் மொழியை அழகுக்கு வைத்திருக்கின்றன, உயிருக்கு வைக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பவை பெரியவை அல்ல. விடுதியில் சேரும் எவருக்கும் கற்பிக்கும் முதல் ஆங்கிலப் பாடம், அறிவிக்கும் பாடமாக இருக்கட்டும். தீ, நீர், மின்சாரம், மாடி, வழி, மருத்துவம் ஆகிய ஆறைப் பற்றியும் ஆறாறு வாக்கியங்கள் போதும். வணக்கமும் நன்றியும் அவற்றின் பின்னே வரட்டும். தாளைக் கொடுத்து ஒதுங்கிவிடாமல், உரத்த குரலில், எதிரே ஆளை நிறுத்திப் பேசப் பழக்கட்டும். வடபுலத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பிழைக்க வந்து நம் விடுதிகளில் உழைக்கும் தோழர்களுக்கும் இதே பாடம், இதே உரிமை. அறை தோறும் அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். ‘பாய்’ என்ற சொல் அகராதியோடு நிற்கட்டும். அனைத்துக்கும் மேலாக, உயிர் பற்றிய எச்சரிக்கையில் பணியாளன் சொல்லே இறுதிச் சொல் என்று முதலாளி எழுதிக் கொடுக்கட்டும். சொல்லக் கற்பித்துவிட்டுச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க வைத்தால், கற்பித்ததால் பயன் என்ன?

பள்ளியிலே நம் பங்கும் உண்டு, ஆசிரியத் தோழர்களே! இந்த ஆண்டு முதல் என் வகுப்பிலே ஏவல் வாக்கியம் தாளில் முடிவதில்லை. ஒருவன் எழுந்து நிற்கிறான், மற்றவர்களுக்கு வழி சொல்கிறான், தடுக்கிறான், எச்சரிக்கிறான். முதல் நாள் குரல் தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. ‘சார், தப்பா நினைச்சுக்குவாங்களா?’ என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்வியிலே எத்தனை தலைமுறைக் குனிவு! மூன்றாம் நாள் குரல் சுவரில் மோதி எதிரொலிக்கிறது. ஆங்கிலம் அதேதான், ஆள் மாறிவிட்டான்.

என் பழைய மாணவன் சென்ற ஞாயிறன்று வந்திருந்தான். நாலு சொல் எழுதித் தரக் கேட்டான். எழுதித் தந்தேன்: ‘டோன்ட் கோ இன்! டேஞ்சர்!’ படித்துப் பார்த்தான். “சார் போட வேண்டாமா?” என்றான்.

வேண்டாம் என்றேன்.